மீனும் மரமும் பொறித்த பீப்பா

சென்ற மாதம் ஓர் அலுவலாகக் கொழும்புக்குச் சென்றிருந்தேன். கொட்டாஞ்சேனையில் என் தமக்கையார் வீட்டிலே தங்கினேன். ஒருநாட் காலை, உயர்தர வகுப்பில் இரசாயனம் பயிலும் என் மருமகளுடன் பஸ்சில் வந்துகொண்டிருந்தேன். துறைமுக வாயிலை அண்டிய வீதியில் வழக்கம்போல வாகன நெரிசல். எங்களுக்கு முன்னால், பெரிய கொள்கலன் ஒன்றைச் சுமந்த லொறி அசையாது நின்றது. அக்கொள்கலனின் கதவிலே சாய்சதுர வடிவில் வெள்ளை அட்டை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் கரிய நிறத்தில் இலையற்ற மரம் ஒன்று. அதனருகே செத்துக் கிடக்கும் மீன் ஒன்று.

“மாமா, மரம் பட்டுப் போயிருக்கிறது, மீனும் செத்துக் கிடக்கிறது. இந்தப் பெட்டிக்குள் இருப்பது தீயா, நஞ்சா?” என்று மருமகள் கேட்டாள்.

“இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம், பிள்ளை” என்றேன். அதற்குள் லொறி நகர்ந்துவிட்டது. ஆனால் அவளோ விடுவதாக இல்லை. “எரிவது எண்ணெய், கொல்வது நஞ்சு. இரண்டும் எப்படி ஒன்றாகும்? இரண்டுக்கும் ஒரே சட்டமா, வேறு வேறு சட்டமா?” என்று வீடு சேரும் வரையிற் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கப்பற் பிரதிநிதி நிலையம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதுவினைஞனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இவ்வினாவுக்கு விடை கூறும் கடமை எனக்குண்டு. அவளுக்குக் கூறியதையே நம் வாசகர்களுக்கும் இவ்வாரம் கூற விழைகின்றேன். அவளுக்குக் கூறாது விட்ட ஒன்றையும் ஈண்டு கூறுவேன்.

எரிவது எண்ணெயன்று

முதலில் தீயைப் பற்றிப் பார்ப்போம். எண்ணெய் எரிகிறது என்று நாம் கூறுகின்றோம். உண்மையில் எரிவது எண்ணெயன்று. அதிலிருந்து எழும் ஆவியே. அந்த ஆவி காற்றோடு போதிய அளவு கலந்தபின்னரே பொறி பட்டவுடன் தீ பாயும். ஒரு திரவம் அவ்வளவு ஆவியை வெளிவிடுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்று நிலை என்பர்.

பெற்றோலின் தீப்பற்று நிலை ஏறத்தாழச் சைபருக்குக் கீழே 40 பாகை செல்சியஸ். அஃதாவது, நுவரெலியாவின் கடுங்குளிரிலுங்கூட அது தீப்பற்றுதற்கு ஆயத்தமாகவே இருக்கின்றது. மண்ணெண்ணெயின் தீப்பற்று நிலை 38 பாகை அல்லது அதற்கு மேல். தேங்காயெண்ணெய்க்கோ இருநூறு பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். எனவேதான் கோயில் விளக்கில் எண்ணெய் அமைதியாகத் தேங்கி நிற்க, திரியின் நுனி மாத்திரம் எரிகின்றது.

இதை யாழ்ப்பாணத்து மக்கள் பள்ளிக்கூடம் போகாமலே கற்றறிந்தவர்கள். போர்க்காலத்தில், 1990களில், பெற்றோல் கிடைத்தற்கரிதாய் இருந்தபோது, மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தொடக்கத்தில் இரண்டொரு துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயே அதனை இழுத்துச் செல்லும். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் போதிய ஆவியைத் தராது. சூடான இயந்திரத்திலே தரும். அன்று தெருவோரத்தில் நின்று மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் தீப்பற்று நிலை பற்றிய பரிசோதனை ஒன்றையே செய்துகொண்டிருந்தனர்.

இந்நிலையை அளப்பதற்கு நம்பத்தக்க கருவி ஒன்றை அமைத்தவர் பிரெடெரிக் ஏபல் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர். 19ஆம் நூற்றாண்டில் வீட்டு விளக்குகள் வெடித்துப் பலர் மாண்டனர். எளிதில் ஆவியாகும் மலிந்த எண்ணெய்களை விளக்கெண்ணெயிலே கலந்து விற்றமை அதற்கொரு காரணம். 1879ஆம் ஆண்டில் பிரித்தானியச் சட்டம் ஏபலின் மூடிய கிண்ணச் சோதனையை ஏற்று, 73 பரனைற் பாகையை எல்லையாக வகுத்தது. அது ஏறத்தாழ 23 பாகை செல்சியஸ். எளிதில் தீப்பற்றும் திரவங்களுள் மிகக் கொடியவற்றையும் ஓரளவு சாதுவானவற்றையும் பிரிக்கும் எல்லையாக அதே 23 பாகை இன்றைய சர்வதேச விதிகளிலும் நிற்கின்றது. அடுக்களை விளக்கிலே பிறந்த விதி கப்பலேறிய கதை இது.

அறுபது பாகை என்னும் எல்லை

கடல்வழியாக அனுப்பப்படும் ஆபத்தான சரக்குகளுக்கென ஒரு சர்வதேச விதித்தொகுப்பு உண்டு. 1965ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட அது, பெரும்பாலும் 2004 சனவரி முதல் எல்லாக் கப்பல்களையும் கட்டுப்படுத்தும் கட்டாய விதியாயிற்று. அத்தொகுப்பின்படி, தீப்பற்று நிலை 60 பாகை அல்லது அதற்குக் குறைவான திரவம் 3ஆம் வகுப்பைச் சேர்ந்தது. அதன் பீப்பாவிலே தீச்சுடர் பொறித்த சிவப்புச் சாய்சதுரம் ஒட்டப்படும்.

அறுபதுக்கு மேற்பட்டால்? அத்திரவமும் எரியும், ஆயினும் எளிதில் எரியாது. ஐக்கிய அமெரிக்காவின் விதிகள் அதற்கெனத் தனிப்பெயர் ஒன்று வைத்திருக்கின்றன. 60 பாகைக்கு மேலும் 93 பாகைக்குக் கீழும் தீப்பற்று நிலை உடையது “எரியக்கூடிய திரவம்” எனப்படும். அது கொள்ளளவு 450 லீற்றருக்கு மேற்படாத கலங்களிலே தரைவழியாகச் செல்லுமாயின், பொதுவாக அபாயச் சரக்குக் கட்டுப்பாடு எதுவுமில்லை. தீயைப் பொறுத்தமட்டில் இது நியாயமான சலுகையே.

ஆனால் இச்சலுகைக்கு ஒரு விலக்கு உண்டு. அத்திரவம் கடலை மாசுபடுத்தும் பொருளாகவும் இருந்து, அதன் பயணத்தின் ஒரு பகுதியேனும் கப்பலிலே நிகழுமாயின், சலுகை நீங்கிவிடும். தெருவிலே சாதாரண எண்ணெயாகச் சென்ற பீப்பா, துறைமுக வாயிலைக் கடந்ததும் ஆபத்தான சரக்காக மாறுகின்றது. பீப்பாவிலே மாற்றம் எதுவுமில்லை; அதன் கீழே இருப்பது தரையன்று, தண்ணீர் என்பதே மாற்றம்.

மீனுக்குத் தீப்பற்று நிலை தெரியாது

இங்கேதான் என் மருமகளின் வினாவுக்கு விடை இருக்கின்றது. தீயைக் கருதுபவன் கேட்கும் கேள்வி “எத்தனை பாகையில் பற்றும்?” என்பது. கடலைக் கருதுபவன் கேட்கும் கேள்வி வேறு: “நீரில் விழுந்தால் எவ்வளவு கொல்லும்? எவ்வளவு காலம் கிடக்கும்? உயிர்களின் உடலிலே சேருமா?” முதற் கேள்விக்கு நல்ல விடை தரும் திரவம் இரண்டாவதற்கு மிகக் கெட்ட விடை தரலாம்.

உதாரணமாகக் கிரியோசோற்று என்னும் கரிய எண்ணெயை எடுத்துக்கொள்வோம். நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கப்படும் இது, புகையிரதப் பாதையின் சிலிப்பர்க் கட்டைகளையும் தந்திக் கம்பங்களையும் கறையானிடமிருந்து காத்தற்குப் பூசப்படுவது. வெயிலிலே பழைய சிலிப்பர்க் கட்டையினருகே நின்றவர்கள் அதன் நெடியை மறந்திருக்க மாட்டார்கள். அதன் தீப்பற்று நிலை வழக்கமாக 70 பாகைக்கு மேற்பட்டது. ஆகவே தீயின் கணக்கிலே சாதுவானது. ஆனால் கடல்மாசுப் பொருட்களின் பட்டியலிலே அது பெயர் குறித்து இடம்பெற்றுள்ளது. மண்ணெண்ணெயைப்போல நீரின்மேல் மிதந்து காற்றில் ஆவியாகிப் போவதுமன்று. நீரினும் கனமானபடியால் அடியிலே போய்ப் படிந்து, சிப்பியும் நண்டும் இறாலும் வாழும் சேற்றோடு சேர்ந்துவிடும். கறையானைக் கொல்லுதற்கென்றே செய்யப்பட்ட பொருள் நண்டைக் கண்டு இரங்குமா?

ஒரு பொருள் கடலுக்குக் கேடானதா என்பதை எவ்வாறு அறிகின்றார்கள்? மீன்களை அப்பொருள் கலந்த நீரிலே 96 மணித்தியாலம் விட்டு, எந்த அளவில் அவற்றுட் பாதி இறக்கின்றன என்று பார்க்கின்றனர். சிறு கூனியினங்களை 48 மணித்தியாலமும், பாசியினங்களை 72 அல்லது 96 மணித்தியாலமும் சோதிக்கின்றனர். லீற்றருக்கு 1 மில்லிகிராம் அல்லது அதனினும் குறைந்த அளவே இக்கேட்டை விளைக்குமாயின், அது கடல்மாசுப் பொருளாகும். விரைவில் அழியாதனவும் உடற்கொழுப்பிற் சேர்வனவுமான பொருட்களுக்கு விதி மேலும் கடுமையானது.

லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? இன்று பல வீடுகளின் கூரைமேல் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி இருக்கின்றதல்லவா? அதிலே ஒரே ஒரு கிராம் கலந்தால் அதுவே அந்த அளவு. கப்பலிலே செல்லும் சாதாரணப் பீப்பா ஒன்று ஏறத்தாழ 200 லீற்றர் கொள்ளும். அதிலுள்ள நஞ்சு 200 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், அது 2 இலட்சம் தாங்கிகளை, அஃதாவது 20 கோடி லீற்றர் நீரை, அந்நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கடலிலே அது அவ்வளவு சீராகக் கலப்பதில்லை என்பது உண்மையே. எனினும் ஒரு பீப்பாவைப் பற்றி விதிகள் ஏன் இத்துணை கவலை கொள்கின்றன என்பது இக்கணக்கால் விளங்கும்.

இனி விதிகளின் சேர்க்கையைச் சுருங்கக் கூறுவேன். 60 பாகைக்குள் தீப்பற்றி, கடலுக்கும் கேடான திரவம் 3ஆம் வகுப்பிலேயே இருக்கும். சிவப்புச் சுடரோடு மீனும் மரமும் பொறித்த குறியையும் அது தாங்கவேண்டும். 60 பாகைக்கு மேற்பட்டு, வேறெந்த ஆபத்து வகுப்பிலும் சேராது, கடலுக்கு மாத்திரம் கேடான திரவமாயின் 9ஆம் வகுப்பிலே, 3082 என்னும் ஐக்கிய நாடுகள் இலக்கத்தின் கீழ்ச் செல்லும். தனிக் கலமோ உள்ளே வைக்கப்படும் கலமோ 5 லீற்றருக்கு மேற்படாதிருந்து, நல்ல முறையிற் பொதியப்பட்டிருப்பின், 3082இன் கீழ் வருவனவற்றுக்குச் சலுகை உண்டு.

மேலேயா, கீழேயா?

இவ்விரு கவலைகளும் எப்போதும் ஒத்துப்போவன என்று எண்ணவேண்டாம். சில வேளைகளில் ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்கும்.

தீக்கு அஞ்சுபவன் கொடிய சரக்கைக் கப்பலின் மேற்றளத்திலே வைக்க விரும்புவான். அங்கே ஆவி தேங்காது. தீப்பற்றினால் விரைந்து அணுகலாம். வேறு வழியில்லாவிடிற் கடலிலே தள்ளிவிடலாம். கடலுக்கு அஞ்சுபவனோ அதே சரக்கைக் கீழ்த்தளத்திலே வைக்க விரும்புவான். மேற்றளத்திலே இருப்பதைத்தான் புயலும் அலையும் முதலில் வாரிச் செல்லும். ஆகவே, இரண்டு இடமும் அனுமதிக்கப்பட்ட கடல்மாசுச் சரக்காயின் கீழ்த்தளமே நன்று என்றும், மேற்றளத்தில் மாத்திரமே வைக்கக்கூடியதாயின் விளிம்பை விட்டு உட்புறமாக, ஒதுக்கான இடத்திலே வைக்கவேண்டும் என்றும் விதித்தொகுப்பு கூறுகின்றது.

சரக்கைக் கடலில் எறிதல் பண்டைக் காலந்தொட்டு மாலுமிகள் கைக்கொண்ட இறுதி உபாயம். அதற்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு. கப்பலையோ கடலில் மனித உயிரையோ காத்தற்கு அவசியமானாலன்றி இத்தகைய சரக்கைக் கடலில் எறிதல் குற்றம்.

சரக்குகளை ஒன்றோடொன்று எவ்வாறு சேர்த்து வைப்பது என்பதும் உயிர்நாடியான விடயம். 1944 ஏப்பிரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் போட் ஸ்ரிக்கின் என்னும் கப்பல் வெடித்தது. அதிலே ஏறத்தாழ 1400 தொன் வெடிபொருட்கள் இருந்தன. அதே கப்பலில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் எண்ணெய்ப் பீப்பாக்களும் ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சு வைத்திருந்த சரக்கறையில் எழுந்த தீயை அணைக்க இயலவில்லை. சுமார் அரைமணி இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு வெடிப்புகள் துறைமுகத்தையும் சுற்றுப்புறத்தையும் அழித்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பஞ்சும் எண்ணெயும் வெடிமருந்தும் தனித்தனியே அடக்கமானவையாய் இருந்திருக்கலாம். ஒரே கூரையின் கீழ் அவற்றைச் சேர்த்தமையே வினையாயிற்று.

கடலைக் காக்கும் விதிகள் தீ விதிகளுக்குப் பின்னரே பிறந்தன. 1967 மார்ச் 18ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கப்பால் டொரி கன்யன் என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, ஒரு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட மசகெண்ணெயைக் கடலிலே சிந்தியது. அதன்பின் எழுந்த விழிப்பின் பயனாக 1973இல் மார்ப்பொல் எனப்படும் உடன்படிக்கை உருவாகி, 1978இல் திருத்தம் பெற்றது. கப்பற் பள்ளங்களிலே மொத்தமாகச் செல்லும் எண்ணெய்க்கு ஓர் இணைப்பும், பீப்பா முதலிய பொதிகளிலே செல்லும் கேடான பொருட்களுக்கு வேறோர் இணைப்பும் அதில் உண்டு. மூன்றாம் இணைப்பாகிய பின்னையது 1992 யூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அவ்விணைப்பிலே என் உள்ளத்தைக் கவர்ந்த வாசகம் ஒன்றுண்டு. பீப்பாவின் மேலுள்ள குறி, கடல்நீரிலே குறைந்தது மூன்று மாதம் கிடந்தாலும் அழியாததாய் இருத்தல் வேண்டும் என்பதே அது. கப்பல் மூழ்கலாம், பத்திரங்கள் கரைந்துபோகலாம், சாட்சி சொல்ல மாலுமிகளும் இல்லாது போகலாம். ஆயினும் எங்கோ ஒரு கரையில் ஒதுங்கும் பீப்பாவைக் காணும் முன்பின் அறியாத மீனவன் ஒருவனுக்கு அச்செத்த மீனின் படம் எச்சரிக்கை சொல்லவேண்டும். எழுத்தறியாதவனும் அதை வாசிப்பான்.

எழுதாது விட்ட இரண்டு சொற்கள்

மருமகளுக்குக் கூறாது விட்டதை இனிக் கூறுகின்றேன்.

1998ஆம் ஆண்டு. நான் வேலையிற் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கப்பல் மாற்றி அனுப்புவதற்காக வந்த நாற்பது பீப்பா கரிய எண்ணெய்க்குப் பத்திரம் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மரத்துக்குப் பூசும் எண்ணெய் அது. உற்பத்தியாளரின் தாளிலே அது கடலை மாசுபடுத்துவது என்று தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தது. சரக்குக்கு உரியவரின் ஆள் ஒருவர் வந்து என் மேசையருகே அமர்ந்தார்.

“தம்பி, எண்ணெய்தானே. எளிதிலே தீப்பற்றாது என்று தாளிலேயே இருக்கிறது. ‘கடல் மாசுபடுத்தி’ என்று எழுதினால் கப்பற்காரர் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். இந்தக் கப்பல் தவறினால் அடுத்தது இரண்டு கிழமை செல்லும்” என்றார்.

நான் எங்கள் தலைமை எழுதுவினைஞரை நோக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மரம் பேணும் எண்ணெய் என்று போடும். அது பொய்யில்லையே” என்றார்.

பொய்யில்லைத்தான். மரம் பேணும் எண்ணெய் என்று தட்டெழுதினேன். இரண்டு சொற்களை மாத்திரம் விட்டேன். பீப்பாக்களில் ஒட்டவேண்டிய குறிகளும் ஒட்டப்படவில்லை. கப்பல் மறுநாட் புறப்பட்டது.

அக்கப்பலுக்கு ஏதும் நேர்ந்ததாகச் செய்தி வரவில்லை. அந்நாட்களில் அதுவே எனக்கு ஆறுதலாய் இருந்தது. ஆண்டுகள் கழிந்த பின்னரே அவ்வாறுதலிலுள்ள பிழை எனக்கு விளங்கிற்று. அப்பீப்பாக்கள் மேற்றளத்தின் விளிம்பிலே வைக்கப்பட்டிருக்கலாம். ஏனெனில் அவற்றைக் கீழே வைக்கவேண்டும் என்று கப்பல் அதிகாரிக்குச் சொல்லுதற்கு இருந்தவை அவ்விரண்டு சொற்களே. இரண்டொன்று அலையோடு போயிருப்பினும் அவர் அதை எண்ணெய் நட்டம் என்று மாத்திரம் குறித்திருப்பார். எந்தக் கரைக்கும் எச்சரிக்கை போயிராது. செய்தி வராமைக்குக் காரணம், செய்தி பிறக்கவேண்டிய இடத்தை நானே அடைத்துவிட்டமைதான்.

பட்டியலில் இல்லாதது

2021 மே மாதம் 20ஆம் நாள் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்தபோது தீப்பற்றியது. அதில் 1486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 81 கொள்கலன்களில் ஆபத்தான சரக்குகள். கசிந்துகொண்டிருந்த நைத்திரிக் அமிலக் கொள்கலனைப் பற்றிக் கப்பலில் இருந்தோர் முன்னரே அறிந்திருந்தனர். அதை இறக்குவதற்குக் கட்டாரிலும் இந்தியாவிலும் இரண்டு துறைமுகங்களிலே கேட்டும் இடம் கிடைக்கவில்லை. ஏறத்தாழ இரு கிழமைகள் எரிந்து, யூன் 2ஆம் நாள் ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லும்போது அக்கப்பல் அமிழத் தொடங்கிற்று. நோய்த்தடையினால் வீட்டுக்குள் இருந்தபடி தொலைக்காட்சியிலே அப்புகையை நான் பார்த்தேன். நாற்பது பீப்பாக்கள் என் கண்முன்னே வந்து நின்றன.

அதற்கு முந்திய ஆண்டில், 2020 செப்டெம்பர் 3ஆம் நாள், சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் என்னும் எண்ணெய்க் கப்பலின் இயந்திர அறையிலே தீ மூண்டது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். அதில் இருந்த சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகெண்ணெய்க்குத் தீ பரவாமற் காத்தது கீழைக் கரையின் பெரும் பாக்கியம்.

எக்ஸ்பிரஸ் பேர்ளிலே அப்பாக்கியம் வாய்க்கவில்லை. ஆனால் மாணவர்கள் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று அதிலுண்டு. நமது மேலைக் கரையைப் பனிபோல மூடியவை அமிலமுமன்று, எண்ணெயுமன்று. ஏறத்தாழ 1680 தொன் பிளாஸ்டிக் மணிகள்; அவை அன்று ஆபத்தான சரக்குகளின் பட்டியலிலேயே இல்லை. தீயின் கேள்விக்கும் நஞ்சின் கேள்விக்கும் அவை தப்பிவிட்டன. “கடலிலே விழுந்தால் என்னவாகும்?” என்னும் கேள்வியை முழுமையாகக் கேட்டிருந்தால் தப்பியிரா. நூற்றுக்கணக்கான கடலாமைகள் செத்துக் கரையொதுங்கின. நீர்கொழும்பு முதலாய கரைகளிலே மீனவர் தொழிலிழந்தனர். 2024ஆம் ஆண்டில் சர்வதேச கடல்சார் அமைப்பு இம்மணிகளை உறுதியாகப் பொதிந்து, அடையாளமிட்டு, இயன்றவரை கீழ்த்தளத்தில் வைக்கவேண்டும் என்னும் பரிந்துரைகளை வெளியிட்டது. 2025 யூலையில் நமது உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கப்பலுக்கு உரியோரைப் பணித்தது.

பட்டியல் வேண்டியதே, ஆனால் பட்டியல் என்பது நேற்றுவரை நாம் பட்டறிந்தவற்றின் தொகுதி மாத்திரமே. நாளைய கேட்டை அது அறியாது. அதனை அறிதற்கு, இன்று உயர்தர வகுப்பில் இரசாயனம் பயில்வோரே வழிசெய்யவேண்டும்.

வீட்டுக்கு வருவோம்

இவையெல்லாம் கப்பற்காரர் அலுவல் என்று இல்லத்தரசிகள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வீட்டிலே செய்யத்தக்கன சில உண்டு.

கரையொதுங்கிய பீப்பாவோ, சந்தையிலே மலிவாகக் கிடைக்கும் பழைய பரலோ நல்ல உறுதியாக இருக்கின்றது என்று தண்ணீர் சேர்க்க எடுத்துக்கொள்வது நம்மவர் வழக்கம். அதிலே மீனும் மரமும் பொறித்த குறி இருந்தாலும், இருந்து உரிந்த தடம் தெரிந்தாலும், அதனைத் தொடவேண்டாம். கரையிலே கண்டால் பொலிசாருக்கோ கரையோரக் காவலருக்கோ அறிவியுங்கள். எத்தனை முறை கழுவினாலும் அது குடிநீர்க் கலமாகாது.

வர்ணம் பூசிய தூரிகையைக் கழுவிய தர்ப்பெந்தைனையும், வாகனத்திலிருந்து மாற்றிய பழைய எண்ணெயையும், மிஞ்சிய பூச்சிமருந்தையும் வாய்க்காலில் ஊற்றவேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலே மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்குப் போகும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை நாம் மறக்கலாகாது. அதன் பொருட்டு 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. ஆனால் தண்ணீருக்காகப் பவுசர் வண்டியைக் காத்து நின்ற தாய்மாரின் நாட்களை எந்தத் தீர்ப்பு மீட்டுத் தரும்?

பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் அடுப்புக்கு எட்டவே, பெயரெழுதிய கலத்திலே வையுங்கள். சோடாப் போத்தலில் ஒருபோதும் வைக்கவேண்டாம். தாகத்தோடு வரும் குழந்தைக்குப் போத்தலின் உருவந்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. கப்பலிலுள்ள பீப்பாவுக்கும் அடுக்களையிலுள்ள போத்தலுக்கும் விதி ஒன்றே: உள்ளே இருப்பதை வெளியே உண்மையாக எழுதிவை.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்பது பீப்பாக் கதை வந்தபோது அவள் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அந்த இரண்டு சொல்லையும் எழுத எவ்வளவு நேரம் எடுத்திருக்கும், மாமா?” என்று கேட்டாள்.

“அரை நிமிடங்கூடச் செல்லாது, பிள்ளை” என்றேன்.